சர்க்கரை நோயைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனைக்கு அரசு பணம் கொடுக்கலாமா? மதிப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியாவில் 2014 நவம்பர் 1-க்கு முன்பு ஒரு விநோதம் இருந்தது. நம் ஊரில் ‘மூணு மாச சுகர் டெஸ்ட்’ என்கிறோமே, அந்த ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கு அங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஏற்கெனவே பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் சர்க்கரை நோய் இருப்பதாக முடிவானவர்களுக்கு மட்டும். நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அதே ரத்தத்தை அதே குழாயில் எடுத்து அதே இயந்திரத்தில் ஓட்டினால் பணம் கிடையாது. இத்தனைக்கும் 2009-ல் சர்வதேச நிபுணர் குழு, 2010-ல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம், 2011-ல் உலக சுகாதார நிறுவனம் என்று வரிசையாக எல்லோரும் ‘இதை வைத்தே நோயைக் கண்டறியலாம்’ என்று சொல்லியாகிவிட்டது.

மருத்துவர்களுக்கு இது எரிச்சலாக இருந்திருக்கும். ஆனால் ஒரு பரிசோதனை நன்றாக வேலை செய்கிறது என்று நிபுணர்கள் சொல்வதற்கும், வரிப்பணத்தில் அதைச் செய்யலாம் என்று முடிவெடுப்பதற்கும் நடுவே நிறைய வேலை இருக்கிறது. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். பொது சுகாதாரம் படிப்பவர்கள், இப்படி ஓர் அறிக்கையை எழுத வேண்டியவர்கள், அல்லது யாரோ எழுதிய அறிக்கையைப் படித்துக் குறை கண்டுபிடிக்க வேண்டியவர்கள், எல்லோருக்கும் பயன்படும்.

ஆஸ்திரேலியாவில், ‘இதற்கு அரசு பணம் கொடுக்க வேண்டும்’ என்று கேட்டு வரும் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்வது 1998-ல் அமைக்கப்பட்ட மருத்துவச் சேவைகள் ஆலோசனைக் குழு. சுருக்கமாக எம்சாக் என்பார்கள். அதற்குக் கீழே, கேள்வியைச் சரியாக வரையறுக்க ஒரு துணைக்குழு, ஆதாரங்களையும் பொருளாதாரக் கணக்கையும் பிரித்து மேய இன்னொரு துணைக்குழு. கடைசியில் குழு அமைச்சருக்கு ஆலோசனை சொல்லும், முடிவு அரசுடையது. கேள்வியை வரையறுப்பதற்கென்றே தனியாக ஒரு துணைக்குழு வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். முதல் படி அங்கேதான் தொடங்குகிறது.

படி 1: கேள்வியை நான்காக உடையுங்கள்

‘ஹெச்பிஏ1சி நல்ல பரிசோதனையா?’ என்று கேட்டால் பதிலே கிடைக்காது. யாருக்கு, எந்தப் பரிசோதனை, எதற்குப் பதிலாக, என்ன பலனுக்காக என்று நான்காகப் பிரிக்க வேண்டும். இந்தத் துறையில் இதற்கு ‘பைகோ’ என்று பெயர்.

‘யாருக்கு’ என்பதில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அடிக்கடி சிறுநீர், தாகம், எடை குறைதல் என்று அறிகுறிகளோடு வருபவருக்கு ஒரு சாதாரண குளுக்கோஸ் பரிசோதனையே பெரும்பாலும் போதும். கர்ப்பிணிகள் கதை வேறு. குழந்தைகள் கதை அதைவிட வேறு. தெருவில் போகும் எல்லோரையும் பிடித்துப் பரிசோதிப்பது இன்னொரு கதை. அது ‘ஸ்கிரீனிங்’, அதாவது மொத்த மக்களையும் சலித்தெடுப்பது. ஆஸ்திரேலியாவில் கடைசியில் அரசு பணம் கொடுக்கும் சேவைகளின் பட்டியலில் ஏறியது ‘அறிகுறி இல்லாத, ஆனால் ஆபத்து அதிகமுள்ளவர்கள்’ என்ற கூட்டம் மட்டும்தான்.

ஆபத்து அதிகம் என்பதை எப்படி அளப்பது? அங்கே ஆஸ்டிரிஸ்க் என்று பத்துக் கேள்வி கொண்ட ஒரு மதிப்பெண் படிவம் இருக்கிறது. வயது, இடுப்புச் சுற்றளவு, குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா, புகைப்பழக்கம், உடற்பயிற்சி என்று போகும். 12 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் ஆபத்து அதிகம். நம்மவர்களுக்கு ஒரு தகவல்: இந்தியத் துணைக்கண்டம் உள்ளிட்ட ஆசியாவில் பிறந்தவர் என்று டிக் செய்தாலே 2 மதிப்பெண் சேர்ந்துவிடும். இடுப்பளவு வரம்பும் ஆசியர்களுக்குக் குறைவு. சிட்னியிலோ மெல்பர்னிலோ இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரரோ மதுரைக்காரரோ நாற்பது தாண்டி, கொஞ்சம் தொப்பையும் போட்டு, அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது என்றால் 12-ஐத் தொட ரொம்ப தூரம் இல்லை.

படி 2: இன்று உண்மையில் என்ன நடக்கிறது என்று வரையுங்கள்

புதிய பரிசோதனையை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பது மொத்த அறிக்கையையும் திசைதிருப்பிவிடும். பலர் வழிகாட்டி நூலில் இருப்பதை அப்படியே எழுதிவிடுவார்கள். நூலில் இருப்பது ஒன்று, நடப்பது ஒன்று.

ஹெச்பிஏ1சி பட்டியலில் ஏறுவதற்கு முன்பு நூலில் இருந்த ஆஸ்திரேலியப் பாதை இப்படி: முதலில் வெறும் வயிற்றில் சர்க்கரை பார். லிட்டருக்கு 7.0 மில்லிமோல், அதாவது நம் கணக்கில் 126 மில்லிகிராம், அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய். 5.5-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இல்லை. இடையில் நின்றால் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடு, 11.1, அதாவது 200 மில்லிகிராம், அதற்கு மேல் என்றால் நோய்.

நடப்பது என்ன? வெறும் வயிற்றில் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினால் ஒரு பகுதியினர் வருவதே இல்லை. வருகிறவர்களிலும் சிலர் வெறும் வயிற்றில் வருவதில்லை. என் பெரியம்மா ஒவ்வொரு முறையும் “ஒண்ணும் சாப்பிடலைப்பா, காபி மட்டும்தான் குடிச்சேன்” என்பார். பால், இரண்டு கரண்டி சர்க்கரை எல்லாம் அந்தக் காபிக்குள்ளேயே இருக்கும். இடைப்பட்ட அளவு வந்தவர்களைக் குளுக்கோஸ் குடிக்க மறுபடி கூப்பிட்டால், அரை நாள் விடுப்புப் போட்டு வர எத்தனை பேர் தயார்? குடித்தவர்களில் சிலருக்குக் குமட்டல் வேறு.

ஆக நீங்கள் வரைய வேண்டியது ஒரு கிளை வரைபடம். ஒவ்வொரு கிளையிலும் எத்தனை பேர் உதிர்ந்து போகிறார்கள் என்ற எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஆய்வகப் பதிவுகளிலிருந்தும் காப்பீட்டுப் பில்களிலிருந்தும் எடுங்கள். நிபுணரைக் கேட்டால் அவர் தன் மருத்துவமனையில் நடப்பதைச் சொல்வார்.

படி 3: பரிசோதனை எதை அளக்கிறது, யாரிடம் ஏமாறுகிறது

ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ், சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபினோடு மெல்ல ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். ஒட்டியது எத்தனை சதவீதம் என்று பார்த்தால் கடந்த எட்டுப் பன்னிரண்டு வாரங்களில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று தெரியும். சர்க்கரை நோயாளிகளிடம் இந்த ஹீமோகுளோபின் கூடியிருப்பதை 1968-ல் கவனித்துச் சொன்னவர் ஈரானைச் சேர்ந்த சாமுவேல் ரஹ்பர். கண்டறிவதற்கான வரம்பு 6.5%. புதிய அலகில் 48.

வெறும் வயிறு வேண்டாம். எந்த நேரத்திலும் எடுக்கலாம். குழாயில் வைத்த ரத்தத்தில் குளுக்கோஸ், அணுக்கள் தின்று தீர்ப்பதால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும். ஹெச்பிஏ1சிக்கு அந்தத் தொல்லை இல்லை. கிராமத்தில் எடுத்து நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் நாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, எங்கே ஏமாறும்? சிவப்பணுவின் ஆயுளையோ ஹீமோகுளோபினின் அமைப்பையோ மாற்றும் எதுவும் இந்த எண்ணைப் பொய்யாக்கும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை எண்ணை உயர்த்திக் காட்டும். ரத்தம் சிதைவது, சமீபத்தில் ரத்தம் இழந்தது, ரத்தம் ஏற்றியது, சிறுநீரகச் செயலிழப்பில் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஊசி போடுவது எல்லாம் குறைத்துக் காட்டும். தலசீமியா, ஹீமோகுளோபின் ஈ, எஸ் போன்ற மரபு வேறுபாடுகள் சில இயந்திரங்களைக் குழப்பும், சிலவற்றைக் குழப்பாது. கர்ப்ப காலத்துக்குப் பொருந்தாது. இன்சுலின் சுரப்பதே நின்றுபோகும் டைப் 1 வகைச் சர்க்கரை நோய் திடீரென்று வரும்போது சர்க்கரை எகிறியிருக்கும், ஆனால் சராசரி இன்னும் ஏறியிருக்காது. அங்கே இதை நம்பினால் உயிருக்கே ஆபத்து.

இந்தப் பட்டியலை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எச்சரிக்கைகளாகப் போட்டு முடித்துவிடாதீர்கள். உங்கள் ‘யாருக்கு’ கூட்டத்தில் இவர்கள் எத்தனை சதவீதம் என்று எண்ண வேண்டும். ஆஸ்திரேலியாவிலேயே தென்கிழக்காசியா, மத்தியதரைக்கடல் பகுதி, தெற்காசியாவிலிருந்து குடியேறியவர்களிடம் தலசீமியா கூடுதல். ஆபத்து மதிப்பெண் யாரைத் தேடிப் போகிறதோ அவர்களிடமே பரிசோதனை தடுமாறும் வாய்ப்பும் அதிகம். மொத்த மக்கள்தொகைக்கான சராசரியைப் போட்டால் இது மறைந்துவிடும்.

படி 4: உரைகல் இல்லாதபோது துல்லியத்தை எப்படிப் பேசுவது

ஒரு பரிசோதனையின் துல்லியத்தைச் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும். நோய் இருப்பவர்களில் எத்தனை பேரைப் பிடிக்கிறது, நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. முதலாவது சென்சிட்டிவிட்டி, இரண்டாவது ஸ்பெசிஃபிசிட்டி. இரண்டையும் கணக்கிட, யாருக்கு உண்மையில் நோய் இருக்கிறது என்று சொல்லும் ஓர் உரைகல் வேண்டும்.

சர்க்கரை நோயில் அந்த உரைகல் எது? பழக்கத்தால் குளுக்கோஸ் குடிக்கும் பரிசோதனையை வைத்திருந்தார்கள். அதோடு ஒப்பிட்டால் ஹெச்பிஏ1சி 6.5% வரம்பு நிறையப் பேரைத் தவறவிடுவதாகத் தெரியும். அமெரிக்கத் தேசிய ஆய்வுத் தரவில், வெறும் வயிற்று வரம்பான 126-ஐ விட ஹெச்பிஏ1சி வரம்பு மூன்றில் ஒரு பங்கு குறைவான பேரைத்தான் அடையாளம் காட்டுகிறது. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு விண்ணப்பத்தைத் தூக்கி எறிய நினைப்பவர்கள் உண்டு.

கொஞ்சம் பொறுங்கள். உரைகல்லையே உரசிப் பாருங்கள். ஒரே ஆளுக்குச் சில வாரம் இடைவெளி விட்டு மறுபடி சோதித்தால் எண் எவ்வளவு ஆடுகிறது என்று அதே அமெரிக்க ஆய்வின் ஒரு பகுதியில் பார்த்தார்கள், 2007-ல் வெளியானது. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேர அளவு 16.7 சதவீதம் ஆடியது. வெறும் வயிற்று அளவு 5.7. ஹெச்பிஏ1சி 3.6. தானே தன்னோடு ஒத்துப்போகாத ஒன்றை நீதிபதியாக உட்காரவைத்து, அதிகம் ஆடாத ஒன்றைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என்ன நியாயம்?

சரியான வழி, இரண்டையும் வேறொரு மூன்றாவது ஆளிடம் கொண்டுபோவது. சர்க்கரை நோய் என்று ஒரு கோட்டை நாம் ஏன் போடுகிறோம்? அந்தக் கோட்டுக்கு மேலே போனால் கண், சிறுநீரகம், நரம்பு கெடுகிறது என்பதால். குறிப்பாக விழித்திரைப் பாதிப்பு சர்க்கரைக்கே உரிய அடையாளம், புகைப்படம் எடுத்து எண்ணவும் முடியும். டிடெக்ட்-2 என்ற கூட்டாய்வு 5 நாடுகளின் 9 ஆய்வுகளிலிருந்து 44,623 பேரின் விழித்திரைப் படங்களைச் சேர்த்துப் பார்த்தது, 2011-ல் வெளியானது. சர்க்கரைக்கே உரிய விழித்திரைப் பாதிப்பு தலைகாட்டத் தொடங்கும் இடம் ஹெச்பிஏ1சியில் 6.3 முதல் 6.7 சதவீதம், வெறும் வயிற்றில் 6.4 முதல் 6.8 மில்லிமோல். அதாவது இரண்டு பரிசோதனைகளும் ஒரே வேலையை ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்கின்றன. 6.5 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை.

ஆகவே அறிக்கையில் மூன்று கூட்டங்களைத் தனித்தனியே காட்டுங்கள்: இரண்டு பரிசோதனையிலும் சிக்கியவர்கள், ஹெச்பிஏ1சியில் மட்டும் சிக்கியவர்கள், குளுக்கோஸில் மட்டும் சிக்கியவர்கள். இரண்டாவது கூட்டத்தை ‘பொய்ப் பாசிட்டிவ்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். அவர்களில் சிலருக்கு உண்மையிலேயே மூன்று மாதமாகச் சர்க்கரை ஏறி இருந்திருக்கும். சிலருக்கு ரத்தசோகை இருந்திருக்கும். இந்த இரண்டு வகையும் எந்த விகிதத்தில் கலந்திருக்கிறது என்பதுதான் தேட வேண்டிய எண்.

படி 5: ஆயிரம் பேரை வைத்துக் கணக்குப் போடுங்கள்

சதவீதங்களை வைத்து வாதாடினால் விடியும்வரை வாதாடலாம். ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டு பாதையில் நடக்க விட்டால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். கீழே உள்ள எண்கள் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர்த் தரவை அங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆபத்து அதிகமுள்ள 1,000 பேர். அவர்களில் 100 பேருக்குத் தெரியாமலே சர்க்கரை இருக்கிறது.

பழைய பாதை. வெறும் வயிற்றில் வரச் சொன்னோம், 700 பேர் வந்தார்கள். அவர்களில் 70 பேர் நோயாளிகள். முதல் சோதனையிலேயே 35 பேர் வெளிப்பட்டார்கள். இன்னும் 30 பேர் இடைப்பட்ட அளவில் நின்றார்கள், 5 பேர் நழுவிவிட்டார்கள். அந்த 30 பேரையும் குளுக்கோஸ் குடிக்கக் கூப்பிட்டோம், பாதிப் பேர் வந்தார்கள்: 15. மொத்தம் 50.

புதிய பாதை. வெறும் வயிறு தேவையில்லை, டாக்டரைப் பார்க்க வந்த அன்றே ரத்தம் எடுத்தோம், 900 பேர் கொடுத்தார்கள். அவர்களில் 90 நோயாளிகள். பரிசோதனை பத்தில் ஆறு பேரைத்தான் பிடிக்கும் என்று கஞ்சத்தனமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 54.

தனியாக நிறுத்திப் பார்த்தால் பலவீனமாகத் தெரிந்த பரிசோதனை, பாதையில் நடக்க விட்டால் முந்துகிறது. ஆனால் நான்கு பேர் வித்தியாசத்தில். இங்கேதான் அறிக்கை எழுதுபவரின் நேர்மை தெரியும். பழைய பாதையில் குளுக்கோஸ் குடிக்க வருபவர்கள் பாதியிலிருந்து பத்துக்கு எட்டாக உயர்ந்தால் அந்தக் கூட்டத்தில் 24 பேர் பிடிபடுவார்கள், மொத்தம் 59. பழைய பாதை ஜெயித்துவிடும்! ஆக இந்த முடிவு தொங்குவது பரிசோதனையின் துல்லியத்தில் இல்லை, மறுபடி வருபவர்களின் எண்ணிக்கையில். அப்படியானால் அந்த எண்ணைத் தேடித்தான் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டும். எந்த எண்ணை அசைத்தால் முடிவு கவிழ்கிறது என்று ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பது கட்டாயம். இதை விட்டுவிட்ட அறிக்கையை நான் மேற்கொண்டு படிப்பதே இல்லை.

இப்போது மறுபக்கம். நோய் இல்லாத 810 பேரில் 97 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடுகிறது என்றால், 24 பேர் தவறாகச் சிக்குவார்கள். பாசிட்டிவ் வந்த 78 பேரில் பத்துக்கு மூன்று பேருக்கு நோய் இல்லை. இதனால்தான் அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு செய்யாதே, மறுபடி பார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மறுபடி பார்த்தால் தற்செயலான பிழை போய்விடும். ரத்தசோகையாலோ மரபு வேறுபாட்டாலோ வந்த பிழை போகாது, இரண்டாவது முறையும் அதே பொய்யைத்தான் சொல்லும். அவர்களுக்கு மறுசோதனை குளுக்கோஸில் இருக்க வேண்டும்.

அதே பரிசோதனையை ஆபத்துக் குறைந்தவர்களிடம் எடுத்துப்போங்கள். 1,000 பேரில் 20 பேருக்குத்தான் நோய். பிடிபடுவது 12, தவறாகச் சிக்குவது 29. நல்லவர்கள் அதிகம் சிக்கும் வலை. ‘ஆபத்து அதிகமுள்ளவர்கள்’ என்ற நிபந்தனை சிக்கனத்துக்காக மட்டும் போடப்படுவதில்லை.

படி 6: கண்டுபிடித்த பிறகு என்ன மாறும்?

ரத்தப் பரிசோதனை யாரையும் குணப்படுத்தாது. அதன் பலன் எல்லாம் அதற்குப் பிறகு நடப்பதில்தான். இந்தப் பரிசோதனை செய்தவர்கள், செய்யாதவர்கள் என்று பிரித்து இருபது ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு இருந்தால் நேரடி ஆதாரம். பெரும்பாலும் இருக்காது. அப்போது சங்கிலி கோக்க வேண்டும்: பரிசோதனை நோயைக் காட்டுகிறது, நோய் தெரிந்ததால் சிகிச்சை மாறுகிறது, சிகிச்சை மாறியதால் உடல்நலம் கூடுகிறது. ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனி ஆதாரம்.

கடைசிக் கண்ணிக்கு எல்லோரும் காட்டுவது 1998-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வான யூகேபிடிஎஸ். புதிதாகச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட 3,867 பேர், பத்து ஆண்டுகள். தீவிர சிகிச்சைக் குழுவின் ஹெச்பிஏ1சி 7.0, மற்றக் குழுவில் 7.9. கண், சிறுநீரகம் போன்ற நுண் ரத்தநாளப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. அருமை. ஆனால் அது கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிக்குச் சிகிச்சை பற்றியது. அறிகுறி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே கண்டுபிடிப்பதால் எவ்வளவு கூடுதல் லாபம்? அதற்கு அடிஷன்-கேம்பிரிட்ஜ் ஆய்வைப் படியுங்கள். ஆபத்து அதிகமுள்ள 20,184 பேர். சில மருத்துவமனைகளில் சலித்துப் பார்த்தார்கள், சிலவற்றில் பார்க்கவில்லை. சுமார் பத்து ஆண்டுகள் கழித்து 2012-ல் வெளியான முடிவில், இறப்பு விகிதத்தில் குறைவு தென்படவில்லை.

விண்ணப்பதாரர் முதலாவதைத் தடித்த எழுத்தில் போடுவார், இரண்டாவதை விட்டுவிடுவார். நீங்கள் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். அதற்காக விண்ணப்பம் தோற்றுவிடாது. ஏனென்றால் ஆஸ்திரேலியாவில் எழுந்த கேள்வி ‘சர்க்கரையைத் தேடலாமா’ என்பது இல்லை. ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் ஏற்கெனவே தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். எந்தக் கருவியால் தேடுவது என்பதுதான் கேள்வி. 1999–2000-ல் 11,247 பேரிடம் நடந்த ஆஸ்டயாப் என்ற ஆஸ்திரேலிய நீரிழிவுக் கணக்கெடுப்பில், சர்க்கரை இருப்பது தெரிந்த ஒவ்வொருவருக்கும் தெரியாத ஒருவர் இருந்தார் என்று வந்தது. கருவி அங்கே சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

படி 7: ஆய்வகத்தின் தரம்

6.5 என்ற கோட்டில் நிற்பவருக்கு இயந்திரத்தின் ஆட்டம் 2 சதவீதம் இருந்தாலே, அறிக்கையில் 6.2 முதல் 6.8 வரை எதுவும் வரலாம். ஏற்கெனவே நோயாளியாக இருப்பவருக்கு இது பொருட்டில்லை, மாத்திரை கொஞ்சம் கூடும் குறையும். புதிதாக ‘உங்களுக்குச் சர்க்கரை’ என்று சொல்வதற்கு இது பெரிய விஷயம். அதனால் கண்காணிப்புக்குப் போதுமான தரம் கண்டறிதலுக்குப் போதாது. ஆய்வகங்கள் சர்வதேச ஒப்பீட்டு முறைக்கு அளவுதிருத்தப்பட்டிருக்கின்றனவா, வெளித் தரச் சோதனையில் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். விரல்நுனியில் குத்திப் பார்க்கும் சிறு இயந்திரங்களைத் தனியாக மதிப்பிட வேண்டும். 2010-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எட்டுக் கருவிகளைச் சோதித்தபோது ஆறு தேறவில்லை. அதற்குப் பிறகு கருவிகள் மாறியிருக்கின்றன, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை. ஆஸ்திரேலியாவிலேயே பூர்வகுடி மக்களின் மருத்துவ மையங்களில், தனித் தரத் திட்டத்தோடு, இவ்வகைக் கருவிகள் நன்றாகவே பயன்பட்டு வருகின்றன.

படி 8: பணம்

பரிசோதனைக்கு ஆஸ்திரேலியா வைத்த கட்டணம் 16.80 டாலர். இதைப் பழைய சோதனைகளின் கட்டணத்தோடு ஒப்பிட்டு நிறுத்திவிட்டால் கணக்கு முடிந்ததாக அர்த்தமில்லை. இரண்டாவது முறை டாக்டரைப் பார்க்கும் செலவு, இரண்டு மணி நேரம் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் செவிலியரின் நேரம் எல்லாம் பரிசோதனைக் கட்டணத்தைச் சாப்பிட்டுவிடும்.

கணக்கில் மூன்று வரிகள் வேண்டும். பழைய பரிசோதனைக்குப் பதிலாகச் செய்யப்படுவது. இதுவரை எந்தப் பரிசோதனையும் செய்யாமல் இருந்து, இப்போது சுலபம் என்பதால் செய்துகொள்வது. அப்புறம், புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் மாத்திரை, கண் பரிசோதனை, மருத்துவர் வருகை. நடைமுறையில் நான்காவது ஒன்றும் உண்டு, யாரும் எழுதமாட்டார்கள்: டாக்டர் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வெறும் வயிற்றுச் சோதனையையும் ஹெச்பிஏ1சியையும் சேர்த்தே டிக் செய்வது. ‘பதிலாக’ வரும் என்று நம்பிய பரிசோதனை ‘கூடவே’ வந்துவிடும். இது எத்தனை சதவீதம் நடந்தால் உங்கள் சேமிப்பு காணாமல் போகிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

கூடுதல் செலவுக்குக் கூடுதல் நலம் எவ்வளவு என்பதைத் தரத்தோடு கூடிய ஆயுட்காலக் கணக்கில், அதாவது எத்தனை ஆண்டு எவ்வளவு நலமாக வாழ்கிறார் என்ற அளவில், சொல்வது வழக்கம். இவ்வளவு டாலருக்குள் இருந்தால் சரி என்று எம்சாக் வெளிப்படையாக ஒரு கோடு வைத்துக்கொள்ளவில்லை. அதனால் எண் எவ்வளவு நடுங்குகிறது என்று காட்டுவது, எண்ணைக் காட்டுவதற்குச் சமமாக முக்கியம்.

படி 9: நிபந்தனையைச் சொல் சொல்லாக எழுதுங்கள்

அறிக்கை நூறு பக்கம் இருக்கலாம். டாக்டரின் மேசைக்குப் போய்ச் சேருவது இரண்டு வரி. ஆஸ்திரேலியப் பட்டியலில் 66841 என்ற எண்ணில் இருப்பது இதுதான்: ஆபத்து அதிகமுள்ள, அறிகுறி இல்லாதவர்களுக்குச் சர்க்கரை நோயைக் கண்டறிய ஹெச்பிஏ1சி அளவிடல், 12 மாதத்தில் ஒரு முறைக்கு மேல் இல்லை. ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு 66551 என்ற தனி எண். அது 12 மாதத்தில் நான்கு முறை.

ஒவ்வொரு சொல்லும் முந்தைய படிகளில் ஒன்றிலிருந்து வந்தது என்பது தெரிகிறதா? ‘அறிகுறி இல்லாத’ படி 1. ‘ஆபத்து அதிகமுள்ள’ படி 5. தனி எண் வைத்தது, பின்னால் எத்தனை பேருக்கு எதற்காகச் செய்தார்கள் என்று எண்ணிப்பார்க்க; ஒரே எண்ணில் இரண்டையும் போட்டால் எதுவும் தெரியாது.

ஆனால் இங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. பாசிட்டிவ் வந்தால் மறுபடி பார் என்பது மருத்துவ விதி. 12 மாதத்தில் ஒரு முறை என்பது பணவிதி. இரண்டாவது குழாய்க்கு எந்த எண்ணில் பணம்? இன்னும் உறுதியாகாதவரை ‘ஏற்கெனவே நோய் உள்ளவர்’ என்று எழுதுவதா? இப்படிப்பட்ட முடிச்சுகளை எழுதும்போதே அவிழ்க்காவிட்டால் டாக்டர்கள் தங்களுக்குத் தோன்றியபடி அவிழ்ப்பார்கள். வரைவை எழுதியதும் ஒரு குடும்ப மருத்துவர், ஒரு ஆய்வகப் பில்லிங் ஊழியர் இருவரிடமும் கொடுத்து, “இதை வைத்து எப்படித் தப்பாகப் பயன்படுத்தலாம்?” என்று கேளுங்கள். பில்லிங் ஊழியர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

படி 10: அடுத்த நாட்டு முடிவைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்

இந்தியாவிலும் இப்படி மதிப்பிட 2017-ல் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் ஓர் அமைப்பு உருவாக்கப்பட்டது. நாளை நம் ஊரில் யாராவது ‘ஆஸ்திரேலியாவே ஒத்துக்கொண்டது’ என்று ஒரு விண்ணப்பம் கொண்டுவந்தால், அவர்களுடைய முறையை எடுத்துக்கொண்டு எண்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. அதற்கு ஒரு முக்கியக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. அங்கே விதிவிலக்காக இருந்த கூட்டம் இங்கே பெரும்பான்மை. 6.6% என்று வரும் பெண்ணுக்குச் சர்க்கரையா, இரும்புச்சத்துக் குறைவா என்று பிரிக்க, அதே ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவையும் பார்க்க வேண்டியிருக்கும்; அந்தச் செலவையும் படி 8-ல் ஒரு வரியாகச் சேருங்கள். ஐந்தாம் படியில் நான் போட்ட 97 என்ற எண்ணையே உங்கள் மாவட்டத்துப் பெண்களுக்கும் யாராவது போட்டிருந்தால், எந்த ஆய்வில், எந்த ஊர்ப் பெண்களிடம், ரத்தசோகை உள்ளவர்களைச் சேர்த்தா விலக்கியா என்று கேட்டு எழுதுங்கள். பெரும்பாலும் விலக்கிவிட்டுத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள்.